கிழங்கும் கொடியும்: சேர்வராயன் மலையடிவாரத்தில் சர்க்கரைவள்ளியை அடுத்த பட்டத்துக்குக் காத்தல்

சர்க்கரைவள்ளியைச் சேமிப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் கிழங்கோடு நின்றுவிடுகிறது. தோண்டியெடுத்த கிழங்கு எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எதில் போட்டு வைப்பது, எப்போது விற்பது என்பவையே வேளாண் வெளியீடுகளிலும் வீட்டுக் குறிப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். ஆனால் இந்தப் பயிரில் காக்கப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று உண்பதற்கான கிழங்கு. மற்றொன்று அடுத்த பட்டத்தில் நடுவதற்கான கொடி. நம் நாட்டில் சர்க்கரைவள்ளியை விதை போட்டு யாரும் பயிரிடுவதில்லை. கொடியின் துண்டே அதன் விதை. குளிர்நாடுகளில் கொடியைக் கொல்வது உறைபனி என்பதால், அங்கே இக்கேள்வி குளிர்காலத்தைக் கடத்துவது எப்படி என்ற வடிவம் கொள்கிறது. சேலம் மாவட்டத்தில் கொடியைக் கொல்வது மாசி முதல் வைகாசி வரையிலான வறட்சி. ஆகவே குளிர்நாட்டுக்கு எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்தறிவது இங்கே முதல் தேவையாகிறது.

இந்தப் பிரித்தறிதலுக்குக் குப்பனூரைப் போல வாய்ப்பான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூர் வழியாகத்தான் ஏற்காட்டுக்கான இரண்டாவது மலைப்பாதை ஏறுகிறது. மழைக்காலத்தில் மண்சரிவால் பிரதான பாதை அடைபடும்போது வண்டிகள் இந்த வழியாகவே திருப்பிவிடப்படுகின்றன. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரம் கூடக்கூட ஆயிரம் மீட்டருக்கு ஆறு முதல் ஏழு டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி சமவெளிக்கும் மலைமேட்டுக்கும் இடையே ஏழெட்டு டிகிரி வேறுபாடு இருந்துகொண்டே இருக்கும். தை மாதத்தில் அடிவாரத்தின் பகல்வெப்பம் 30 டிகிரியை ஒட்டி நிற்க, ஏற்காட்டின் இரவு 12, 13 டிகிரிக்கு இறங்குகிறது. ஒரு பேருந்துப் பயணத் தொலைவுக்குள் இரு வேறு தட்பவெப்பங்கள் கிடைக்கும் இந்த அமைப்பு, பின்னால் காணப்போவதைப் போல, சர்க்கரைவள்ளிக்கென்றே அளந்து வைத்தது போன்றது.

இப்பகுதி உழவர்களுக்குக் கிழங்குப் பயிர் புதிதல்ல. சேலம் மாவட்டம் மரவள்ளிக்கும் ஜவ்வரிசிக்கும் பெயர்பெற்றது. 1981இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவு நிறுவனம் இங்கேதான் இயங்குகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இம்மாவட்டத்து ஏத்தாப்பூரில் இருக்கிறது. இந்தப் பழக்கமே சர்க்கரைவள்ளி விஷயத்தில் சற்று வழிதவறச் செய்யவும் கூடும். மரவள்ளியில் கிழங்கு தோண்டிய இரண்டு மூன்று நாளில் கருத்துக் கெட்டுவிடும். அதன் குச்சியோ, இலையை உதிர்த்து மரநிழலில் நேராக அடுக்கி வைத்தால் வாரக்கணக்கில் உயிரோடு இருந்து, மண்ணில் ஊன்றியதும் துளிர்க்கும். சர்க்கரைவள்ளியில் நிலைமை நேர்மாறானது. இதன் கிழங்கு முறையாகப் பேணினால் மாதக்கணக்கில் நிற்கும். இதன் கொடி மென்தண்டு ஆதலால், வெட்டிப் போட்டால் நிழலில்கூடச் சில நாள்தான் தாங்கும். மரவள்ளியில் குச்சி கிழங்கைக் காக்கிறது என்றால், சர்க்கரைவள்ளியில் கிழங்குதான் கொடியைக் காக்க முடியும்.

முதலில் கிழங்கு. தாவரவியல்படி இது உருளைக்கிழங்கைப் போல நிலத்தடித் தண்டு அன்று. உணவைத் தேக்கிப் பருத்த வேர். இதன் தோல் மிக மெல்லியது. மண்வெட்டியின் உரசலும் மூட்டையின் நெரிசலும் தோலைச் சுரண்டிவிடும். சேமிப்பில் நேரும் அழுகலில் பெரும்பங்கு இந்தச் சிராய்ப்புகளின் வழியாகவே நுழைகிறது. ஆயினும் அறுவடைக்குப் பிறகும் இந்தக் கிழங்கு உயிருள்ள திசுவாகவே இருப்பதால், தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. வெட்டுப்பட்ட இடத்தின் மேலணுக்கள் முதலில் உலர்கின்றன. அடியிலுள்ள அணுக்களின் சுவர்களில் லிக்னின், சுபெரின் ஆகிய நீர்புகாப் பொருள்கள் படிகின்றன. அதற்கும் கீழே புதிய அணுவரிசை ஒன்று உருவாகித் தோலுக்கு நிகரான மூடியாகிறது. இது விரைவாக நடக்க 29 முதல் 32 டிகிரி வெப்பமும், 85 முதல் 95 விழுக்காடு வரை காற்றின் ஈரப்பதமும், நான்கு முதல் ஏழு நாள் அவகாசமும் வேண்டும். இதைப் புண் ஆறவிடுதல் என்று சொல்வது பொருத்தம். குளிர்நாட்டு உழவர்கள் இதற்கென்றே தனி அறை கட்டி, அடுப்பு மூட்டி, நீராவி விடுகின்றனர். குப்பனூர் அடிவாரத்தில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை, குறைவது ஈரப்பதம்தான். காற்றோட்டமான கொட்டகையில் கிழங்கை முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் குவித்து, மேலே வைக்கோல் பரப்பி, அதன்மீது நனைத்துப் பிழிந்த கோணிச்சாக்கைப் போர்த்தி வைத்தால் தேவையான புழுக்கம் கிடைத்துவிடும். நீர் சொட்டக் கூடாது, கிழங்கைக் கழுவவும் கூடாது. ஒட்டிய மண் காய்ந்து தானே உதிரட்டும்.

அறுவடைக்கு முன்பே செய்யத் தகுந்த ஒன்றும் உண்டு. தோண்டுவதற்குப் பத்துநாள் முன்னதாகக் கொடியை அறுத்துவிட்டால், மண்ணுக்குள் இருக்கும்போதே தோல் சற்று இறுகுகிறது, சிராய்ப்பு குறைகிறது. அறுத்த கொடி கால்நடைக்குத் தீவனமாகிறது என்பது மேலதிக ஆதாயம். ஆனால் அடுத்த நடவுக்கான நுனிகளைத் தீவனக்கட்டில் சேரவிடாமல் அந்தச் சமயத்திலேயே பிரித்தெடுக்க வேண்டும்.

புண் ஆறிய கிழங்குக்கு ஏற்ற சேமிப்புச் சூழல் 13 முதல் 15 டிகிரி வரையிலான வெப்பமும் 85 முதல் 90 விழுக்காடு ஈரப்பதமும் ஆகும். இந்நிலையில் நல்ல இரகங்கள் ஆறு மாதத்துக்கு மேலும், சில ஓராண்டு வரையும் நிற்கின்றன. வெப்பம் கூடினால் கிழங்கு வேகமாக மூச்சுவிட்டுத் தன் மாவையே கரைத்துக்கொள்கிறது. தலைப்பக்கத்தில் முளை கட்டுகிறது. எடை குறைந்து நெட்டி போலாகிறது. குறைந்தால் வேறு கேடு. 12 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த கிழங்கு, வெளியே பழுதின்றித் தோன்றினாலும், உள்ளே பழுப்பேறி, எத்தனை நேரம் வேகவைத்தாலும் நடுவில் கட்டையாகவே நிற்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த சர்க்கரைவள்ளி வேகாமல் போவதன் காரணம் இதுவே. அந்தப் பெட்டியின் உள்வெப்பம் நான்கைந்து டிகிரிதான். பழங்களுக்கும் காய்களுக்கும் நன்மை செய்யும் கருவி இந்த வெப்பமண்டலக் கிழங்குக்குப் பகையாகிறது.

இந்த இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பார்த்தால் மலையின் பங்கு தெளிவாகும். புண் ஆறுவதற்கு வேண்டிய 30 டிகிரி அடிவாரத்தில் இயல்பாகக் கிடைக்கிறது. நெடுநாள் சேமிப்புக்கு வேண்டிய 13 முதல் 15 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியை மார்கழி, தை, மாசி மாதங்களில் ஏற்காட்டின் கல்சுவர் அறை ஒன்று ஏறத்தாழ மின்சாரமின்றியே தரவல்லது. மேலே விளைந்ததை மேலேயே புண் ஆறவிட முயன்றால் குளிரில் ஆறல் மந்தமாகி அழுகல் முந்திக்கொள்ளும். கீழே விளைந்ததைக் கீழேயே வைத்திருந்தால் சில வாரங்களில் முளையும் சுருக்கமும் கண்டுவிடும். கீழே ஆறவிட்டு மேலே வைப்பதே அறிவியல் காட்டும் ஒழுங்கு. மலையிலும் வெறுந்தரையில் குவிப்பது நல்லதன்று. இரவுக்குளிர் 12 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாள்களில் தரையும் சுவரும் முதலில் குளிரும். பலகைப் பரணில் காய்ந்த மணலோ வைக்கோலோ பரப்பி அதில் புதைத்து வைப்பது பாதுகாப்பானது. சந்தைக்கு உடனே போகும் கிழங்குக்கு இத்தனை பாடு வேண்டியதில்லை. மலையேற்றிய வண்டிக்கூலிக்கு விற்பனை விலை ஈடுகொடுக்காது. விதைக்கிழங்குக்கு அந்தக் கணக்கே வேறு, ஏனெனில் அதன் அளவு சிறியது, மதிப்போ ஒரு வயலுக்கு நிகரானது.

கெட்ட கிழங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். பூஞ்சணமோ புழுவோ தாக்கிய சர்க்கரைவள்ளி தன் காப்புக்காகக் கசப்பான வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அவற்றுள் இப்போமியமரோன் என்பது கல்லீரலைத் தாக்குவது. பூஞ்சணம் பிடித்த கிழங்கில் உண்டாகும் 4-இப்போமியனால் என்னும் பொருள் மாடுகளின் நுரையீரலில் நீர்கோத்து மூச்சடைப்பை ஏற்படுத்துவது. வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்புவதற்கில்லை. மனிதர் ஒதுக்கிய அழுகல் கிழங்கை மாட்டுத்தொட்டியில் போடும் வழக்கம் எங்கிருந்தாலும் நிறுத்தப்பட வேண்டும்.

கசப்புக்கு முதல் காரணம் கூன்வண்டு. எறும்பைப் போல ஒடுங்கிய உடல், நீலக்கருமையான முதுகு, செம்மஞ்சள் நிறத்தில் மார்பும் கால்களும், நீண்ட மூக்கு எனக் கண்டவுடன் அடையாளம் தெரியும் இவ்வண்டின் நீளம் அரை சென்டிமீட்டரைச் சற்றே கடக்கும். பெண்வண்டு கொடியின் அடித்தண்டிலோ கிழங்கின் தோலிலோ சிறு குழி கடித்து, ஒரு முட்டை இட்டு, தன் எச்சத்தால் அதை அடைத்துவிடுகிறது. அடைப்பு மண்துகளைப் போலவே இருப்பதால் மேற்பார்வைக்கு எதுவும் புலப்படாது. பொரித்த புழு உள்ளே குடைந்துகொண்டே வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் மீண்டும் வண்டாகிறது. மண்ணைத் தோண்டும் வலு இவ்வண்டுக்கு இல்லை. நிலம் காய்ந்து வெடிக்கும்போது அந்த வெடிப்பின் வழியாகவே கிழங்கை எட்டுகிறது. அறுவடைக்கு முந்திய வாரங்களில் பாத்தி வெடிக்காமல் ஈரம் காப்பதும், கிழங்கு வெளித்தெரியாமல் மண் அணைப்பதும் முதன்மையான தற்காப்பு ஆவது இதனால்தான். வயலில் புகுந்த முட்டை கிழங்கோடு வீட்டுக்கு வந்து, வெதுவெதுப்பான மூலையில் தலைமுறை பெருக்குகிறது. கிடங்கில் தாக்குதல் புதிதாகத் தோன்றியதாக எண்ணப்படும் பல நேரங்களில், அது வயலிலிருந்து சுமந்து வந்ததே.

கொடி சேமிப்பும் இவ்வண்டால்தான் சிக்கலாகிறது. முட்டை இடப்படுவது பெரும்பாலும் முற்றிய அடித்தண்டில். அடித்தண்டைத் துண்டாக்கி நட்டால் அடுத்த வயலுக்கு வண்டையும் சேர்த்தே நட்டதாகும். நுனிப்பகுதி அப்படியன்று, இளந்தண்டில் முட்டை அரிது, வேரும் விரைந்து பிடிக்கும். எனவே நடவுக்கு நுனித்துண்டையே எடுக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அன்று. ஆண்வண்டை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகள் இன்று கிடைக்கின்றன. அவை பயன்படுபவையே, ஆயினும் பழைய கொடியையும் சொத்தைக் கிழங்கையும் வயலிலேயே விட்டுவைத்துக்கொண்டு பொறியை மட்டும் நம்புவது வீண்.

உலகின் பிற பகுதிகள் இதே கேள்வியை எதிர்கொண்ட விதம் இங்கே ஒளிதரும். வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றிய இப்பயிர், கொலம்பசின் பயணத்துக்கு முன்பே பாலினீசியத் தீவுகளை எட்டியிருந்தது. அங்கிருந்து அதை நியூசிலாந்துக்குக் கொண்டுசென்ற மாவோரி மக்கள், ஆண்டு முழுவதும் கொடி வாழ்ந்த தீவுகளின் முறை புதிய மண்ணின் குளிரில் செல்லாது என்று கண்டனர். கூரையிட்ட நிலத்தடிக் குழிகளில் கிழங்கைக் குளிர்காலம் முழுதும் காத்து, வசந்தத்தில் அதிலிருந்து முளையெடுத்தனர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் லூசோன் தீவிலிருந்து சீனத்தின் ஃபுஜியன் கரைக்கு வந்த கிழங்கை வடக்கே பரப்ப விரும்பிய அறிஞர் சூ குவாங்சி, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பற்றித் தனி நூலே எழுதினார். இன்று அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் இலையுதிர்காலத்தில் நுனிகளைக் கிள்ளி, நீர்நிறைந்த கண்ணாடிக் குவளையிலோ தொட்டியிலோ வைத்து, வெயில்படும் சன்னலோரத்தில் வசந்தம்வரை உயிர்காக்கின்றனர். ஆக மனிதர் கண்ட வழிகள் இரண்டே. கிழங்கை உறங்கவைத்துப் பின் முளைக்கச் செய்வது ஒன்று; கொடியை உறங்கவிடாமல் தொடர்ந்து வளர்ப்பது மற்றொன்று.

சேலத்துக்கு எது உகந்தது என்பதை நாள்காட்டியே சொல்லும். தமிழ்நாட்டில் இக்கிழங்குக்குப் பெரிய சந்தை பொங்கல். கரும்பும் மஞ்சள்கொத்தும் மொச்சையும் வாங்கும் கையோடு சர்க்கரைவள்ளியும் வீட்டுக்கு வருகிறது. பயிரின் வயது 110 முதல் 120 நாள். தை முதல்நாளுக்குக் கிழங்கு சந்தையில் இருக்க வேண்டுமானால் ஆவணி இறுதிக்குள் கொடி நடப்பட வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரைப்படி, ஒரு எக்டேருக்குத் தேவையான கொடியைப் பெற, நடவுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் முன்பு 100 சதுர மீட்டர் முதல்நிலை நாற்றங்காலில், வண்டு தாக்காத, 125 முதல் 150 கிராம் எடையுள்ள கிழங்குகளை 100 கிலோ அளவுக்கு நட வேண்டும். 45ஆம் நாளில் அதிலிருந்து வெட்டிய துண்டுகளை 500 சதுர மீட்டர் இரண்டாம்நிலை நாற்றங்காலில் பெருக்க வேண்டும். மூன்று மாதம் பின்னோக்கி எண்ணினால் வைகாசி இறுதி வருகிறது. அதாவது தையில் தோண்டிய விதைக்கிழங்கு வைகாசி வரை ஏறக்குறைய நாலரை மாதம் உயிரோடும் வண்டின்றியும் இருந்தாக வேண்டும். அந்த இடைவெளியில்தான் சேலத்தின் பங்குனி, சித்திரை வெயில் வருகிறது. அடிவாரத்துச் சாதாரண அறையில் இது கடினம். மலைமேல் மாசிவரை உறக்கமும், வெயில் ஏறும் பங்குனியிலிருந்து மெல்ல முளைப்பும் எனக் கிழங்கு தன் போக்கில் நாளைக் கடத்திவிடும். விதைக்கிழங்கில் முளை என்பது கேடு அன்று, வேலையின் தொடக்கம்.

மலைவசதி இல்லாதவர்க்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு விடை கிடைத்திருக்கிறது. பெருவின் லீமா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு உருளைக்கிழங்கு மையம், நெடிய வறட்சியால் கொடியை இழந்துகொண்டிருந்த உழவர்களுக்காக மணலில் சேமித்து முளைக்கவைக்கும் முறையை உருவாக்கிப் பரப்பியது. வண்டில்லாத சிறு கிழங்குகளை ஒரு வாளியிலோ தொட்டியிலோ காய்ந்த மணலில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, வீட்டுக்குள் குளிர்ந்த மூலையில் வைத்து, அவ்வப்போது திறந்து அழுகியதையும் வண்டு கண்டதையும் நீக்கி, மழைக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு வீட்டருகே சிறு பாத்தியில் நட்டுத் தண்ணீர் ஊற்றுவதே அம்முறை. நாற்பது கிழங்கிலிருந்து ஏறத்தாழ 1,500 துண்டுகள் கிடைப்பதாக அம்மையம் கணக்கிடுகிறது. ஒரு சென்ட் நிலத்துக்கு, 60 சென்டிமீட்டர் பாரில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நட, ஏறத்தாழ 340 துண்டுகள் போதும். ஆகவே பத்துக் கிழங்கைக் காத்தவர் ஒரு சென்ட்டைக் காத்தவராவார். காய்ந்த மணல் கிழங்கின் ஈரத்தை அடக்கி, வண்டின் நடமாட்டத்தையும் தடுக்கிறது. மணலில் ஈரம் இருந்தால் அழுகல் தொடங்கும் என்பதால், வெயிலில் காயவைத்து ஆறவிட்ட மணலையே போட வேண்டும். குப்பனூர்ப் பகுதிக்கு இதைவிட எளிதாகப் பொருந்தும் அயலக முறை வேறில்லை.

கொடியை வளர்த்தே கோடையைக் கடத்த விரும்புவோருக்கு வேண்டியது நீர் நிற்காத ஈரமும் அரைநிழலும். கிணற்றடி, துவைகல்லடி, வாய்க்கால் கரை ஆகியவை வெப்பநாடுகளில் எங்கும் இப்பயிர் கோடையில் பிழைத்துக்கிடக்கும் இடங்கள். சோப்புநீர் நேரே பாயாதபடி சற்றுத் தள்ளி நடுவது நலம். தொட்டியில் வளர்ப்பதானால், மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்த ஓரடி வாய் கொண்ட தொட்டியில் நான்கு நுனித்துண்டுகளை ஊன்றி, இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் இருக்கவிட்டு, தாழ்வாரத்தின் காலைவெயிலில் வைக்கலாம். நீர்க்குவளையிலும் நான்கைந்து நாளில் கணுவில் வேர் வெள்ளையாக நீளும். ஆயினும் வெறும் நீரில் சத்து இல்லாததால் சில வாரங்களில் இலை வெளிறிக் கொடி மெலியும். குவளை ஓர் இடைத்தங்கல்தான். மாதக்கணக்கில் காக்க மண்ணே வேண்டும். தொட்டிக்கொடியை முற்றவிடாமல் மாதம் ஒருமுறை நுனிகிள்ளிப் புதிய தொட்டிக்கு மாற்றிக்கொண்டே வந்தால் அடித்தண்டு கட்டையாகாது, வண்டுக்கும் இடம் குறையும். ஏற்காட்டில் உறைபனி அரிது. அங்கே மார்கழிக் குளிரில் கொடி சாவதில்லை, வளர்ச்சி மட்டும் நின்றுவிடும். அந்நாள்களில் நீரைக் குறைத்து இரவில் உள்ளே எடுத்துவைத்தால் போதுமானது. நடவுக்கு வெட்டிய துண்டை இலையோடு நிழலில் இரண்டு நாள் வைத்திருந்து நட்டால் வேர் நன்றாகப் பிடிக்கும் என்பதும் ஸ்ரீகாரிய நிலையத்தின் பரிந்துரையே.

கொடியிலிருந்து கொடியாகவே ஆண்டுக்கணக்கில் பெருக்குவதில் மறைவான இழப்பு ஒன்று இருக்கிறது. அசுவினிகள் பரப்பும் இறகுத்தேமல் நச்சுயிரி போன்றவை ஒவ்வொரு தலைமுறையிலும் சேர்ந்துகொண்டே போய் விளைச்சலைக் குறைக்கின்றன. இலையில் குறி மங்கலாகவே தெரிவதால் மண்ணின் மீதோ மழையின் மீதோ பழி விழுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தூய நடவுப்பொருள் பெறுவதே இதற்கு மருந்து. கோயம்புத்தூரில் உருவான கோ வரிசை இரகங்களும், நூறு கிராமுக்கு 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொண்ட பூ சோனா, ஊதாச் சதையுள்ள பூ கிருஷ்ணா போன்ற பிற்கால இரகங்களும் உழவரின் கைக்கு வந்து நிலைக்காமல் போவதற்கு, சுவையையும் விலையையும்விட, கொடி கோடையைத் தாண்டாததே பெரிய காரணமாக இருக்க இடமுண்டு. ஆரஞ்சுச் சதைச் சர்க்கரைவள்ளியைப் பரப்பியதற்காக மரியா ஆண்டிராடே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகியோர் ஹோவர்த் பூயிசுடன் 2016இல் உலக உணவுப் பரிசைப் பெற்றனர். அந்தப் பணியிலும் நல்ல இரகத்தைக் கண்டறிவதற்கு நிகராகத் தூய கொடியை உரிய பருவத்தில் உழவரிடம் சேர்ப்பது பெரும்பாடாக இருந்தது.

சேர்வராயன் மலைமேடு விதைக்கொடி வளர்ப்பிடமாகத் தகுமா என்பது இந்த ஆய்வு இட்டுச்செல்லும் கேள்வி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டிலேயே உள்ளது. சேலம் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் சந்தியூரில் இயங்குகிறது. குளிர்ச்சி வண்டின் பெருக்கத்தை மந்தமாக்குகிறது. காப்பித் தோட்டங்களும் சில்வர் ஓக் மரங்களும் சூழ்ந்த சிறு நிலங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகியே கிடக்கின்றன. மலையாளிப் பழங்குடி மக்களின் வீட்டுத் தோட்டங்களில் சில சென்ட் பரப்பில் வளர்த்த கொடியைக் குப்பனூர் வழியாக ஆனி, ஆடியில் கீழே இறக்கினால், அதற்கு உரிய விலை மலைக்கே போய்ச்சேரும். இதைத் தொடங்குமுன் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. கூன்வண்டு சர்க்கரைவள்ளியின் காட்டு உறவினங்களிலும் வாழும். ஏற்காட்டின் ஓடைக்கரைகளிலும் வேலிகளிலும் படர்ந்திருக்கும் அத்தகைய கொடிகளை ஒரு மழைப்பருவம் முழுதும் பொறிவைத்துப் பார்த்து, வண்டு எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்று அளந்த பிறகே நாற்றங்காலுக்கு இடம் குறிக்க வேண்டும்.